ஏற்காடு எஸ்டேட்டின் பழைய வெப்சைட்டைப் பிரித்து மேய்ந்த பதிவு

ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு சின்ன காபி எஸ்டேட். காபியோடு மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு, வருகிறவர்கள் தங்கிக்கொள்ள நாலு அறை. அவர்களுக்கு இரண்டாயிரங்களின் நடுவில் யாரோ செய்து கொடுத்த வெப்சைட் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்றால் திறக்கிறது, அவ்வளவுதான். எஸ்டேட்காரர் எனக்கு அண்ணன் முறை. அவருடைய புகார் ஒரே வரி: "தம்பி, கூகுள்ல ஏற்காடு காபின்னு தமிழ்ல போட்டா யார் யாரோ வர்றாங்க, நாம மட்டும் வர மாட்டேங்கறோமே." இதற்காக ஏற்கெனவே ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி, முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்ற உத்தரவாதத்தையும் வாங்கி வைத்திருந்தார். வந்தபாடில்லை.

அஸ்தம்பட்டியில் என் வீட்டில் உட்கார்ந்து சைட்டின் மொத்தக் கோப்புகளையும் இறக்கி, பிரவுசரில் பார்க்காமல் நேராக எடிட்டரில் திறந்தேன். கூகுளின் பாட், அதாவது சைட்டுகளைப் படித்துவர அது அனுப்புகிற நிரல், வாங்கிக்கொண்டு போவது ஹெச்டிஎம்எல்லை, பக்கத்தின் மூல நிரலைத்தான். அதைக் குரோமியத்தில் (குரோம் பிரவுசரின் அடித்தளம்) ஓட்டியும் பார்க்கிறது, ஆனால் கடைசியில் அட்டவணையில் ஏற்றுவது எழுத்துக் குறியீடுகளை. திரையில் அந்த எழுத்து எந்த வடிவத்தில் தெரிகிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. இங்கே அதுதான் விஷயம். தமிழ்ப் பக்கம் என்று அண்ணன் சொன்ன கோப்பில் ஓர் எழுத்துகூடத் தமிழ் இல்லை.

எல்லாம் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிற பழைய எழுத்துரு. டிடிபி கடையில் அடித்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சேலம் என்று நாம் படிப்பது உள்ளே ஒரு பெரிய என், சின்ன ஆர், ஒய், கே, பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு கணினியில் இருந்தால் கண்ணுக்குச் சேலம். இல்லையென்றால் கண்ணுக்கும் அந்த ஆங்கிலக் குப்பைதான். அண்ணன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருந்ததால் அவருக்கு இத்தனை வருஷமும் சைட் நன்றாகவே தெரிந்திருக்கிறது. போனில் திறந்த விருந்தாளிகள் என்ன நினைத்தார்களோ. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991லேயே வந்துவிட்டது, தமிழக அரசு 2010ல் ஆணையே போட்டது, ஆனாலும் பழைய எழுத்துருவில் நிற்கிற சைட்டுகள் இன்னும் ஏராளம். இப்படி ஒரு பக்கத்துக்கு மேல்பூச்சாக என்ன எஸ்இஓ (தேடலில் முன்னால் வரவைக்கிற வேலை) செய்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் தேடுகிற சொல்லே பக்கத்தில் இல்லை.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகளுக்குப் பஞ்சமில்லை. பொங்குதமிழ் மாற்றி, என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்று பல வருஷமாகப் புழங்குகிறவை இருக்கின்றன. ஒரு பத்தியை ஒட்டி எடுக்க அவை போதும். முழு ஹெச்டிஎம்எல் கோப்பை ஒட்டினால் கதை கந்தல், ஏனென்றால் பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கிற டேக் பெயர்களும் ஆங்கில எழுத்துதானே, அவற்றையும் தமிழாக்கிவிடும். டேபிள் என்ற டேக் "வயடிடந" ஆகிவிடுகிறது. அதனால் பைத்தானில், ஹெச்டிஎம்எல்லைப் பிரித்துத் தருகிற பியூட்டிஃபுல் சூப்பை வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு எழுத்துத் துண்டையும் எடுத்து, அதற்கு மிக அருகில் வெளியே நிற்கிற ஃபாண்ட் டேக் எது என்று பார்க்கும். பாமினி என்றால் மாற்றும், ஏரியல் என்றால் தொடாது. இந்த இரண்டாவது பாதி முக்கியம். போன் எண், இமெயில், ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் ஏரியலில் நடுநடுவே கிடந்தன, கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருந்தால் இமெயில் முகவரியும் தமிழ்க் குப்பை ஆகியிருக்கும்.

இதில் மூன்று இடங்களில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பாமினி சைட் வைத்திருக்கிற யாருக்கும் இது வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது ஈ. பாமினியில் ஈ என்ற எழுத்து இருக்கும் இடம் ஆங்கிலத்தின் "சிறியது" குறி, அதாவது ஹெச்டிஎம்எல்லில் டேக் தொடங்குகிற அதே குறி. பழைய எடிட்டர்கள் இதைத் தானாகவே மறைகுறியாக (டேக் என்று எடுத்துக்கொள்ளாதபடி எழுதும் மாற்றுக் குறி) மாற்றிச் சேமித்துவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் மிளகைப் பற்றிய பகுதியை அப்புறம் யாரோ நோட்பேடில் திறந்து நேரடியாக ஒட்டியிருக்கிறார்கள். அங்கே "ஈரப்பதம்" என்ற சொல் வந்ததும் பிரவுசர் அதை ஏதோ ஒரு புது டேக் என்று நினைத்து விழுங்க ஆரம்பித்துவிடுகிறது. எதுவரை விழுங்கும்? "பெரியது" குறி வரும்வரை. பாமினியில் அந்தக் குறி காற்புள்ளி! ஆக, ஈரப்பதம் என்று தொடங்கி அடுத்த காற்புள்ளிவரை இருந்த அத்தனையும் பக்கத்திலிருந்து காணாமல் போயிருந்தது. மிளகு வாங்குகிற வியாபாரி முதலில் கேட்பதே ஈரப்பதம்தான், அது மட்டும் தெரியவில்லை. ஸ்கிரிப்டிலும் இது வராது, ஏனென்றால் நிரலைப் படித்துப் பிரிக்கிற பார்சருக்கும் அது டேக்தான். தெரியாத பெயருள்ள டேக்குகளை மட்டும் தனியாகப் பட்டியலிட்டு, கையால் மறைகுறி போட்டுத் திருத்திவிட்டு, பிறகு ஸ்கிரிப்டை ஓட்டினேன்.

இரண்டாவது, ர். இதுதான் எனக்குப் பிடித்த இடம். டிடிபிக்காரர்கள் பலர் ர் அடிப்பதற்குப் பதிலாகத் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் தப்பு என்றே சொல்ல முடியாது, அச்சுக்கு. மாற்றி அதை எடுத்துப் படிக்கும்போது இரட்டைக்கொம்பு இருந்த எழுத்தோடு துணைக்காலைச் சேர்த்து "சோ" என்று ஆக்கி, மிச்சமிருக்கிற புள்ளியை அதன் தலையில் வைக்கிறது. ஆக, சேர்வராயன் மலை "சோ்வராயன் மலை" ஆகிவிடுகிறது. சட்டென்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்ளே "சேர்" என்பது நாலு குறியீடு, இந்த "சோ்" மூன்று குறியீடு. கன்ட்ரோல் எஃப் போட்டு சேர்வராயன் என்று தேடினால் கிடைக்காது. ஏற்காட்டில் தொழில் நடத்துகிற ஒரு சைட்டில் சேர்வராயன் என்ற சொல் தேடலுக்குக் கிடைக்கவில்லை என்றால் அப்புறம் என்ன இருந்து என்ன. பெரிய பெரிய சைட்டுகளிலும் இந்தப் பிழை இருக்கிறது, ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் போகிற இடமெல்லாம் தெரியும்.

திருத்துவது சுலபம். தமிழில் உயிர்மெய்க் குறிக்கு மேலே புள்ளி வர வாய்ப்பே இல்லை, அதனால் பயப்படாமல் பொது விதி போடலாம். முழு உரையையும் யூனிகோட் நார்மலைசேஷனில் என்எஃப்டி ஆக்கினால் ஓகாரக் குறி ஏகாரக் கொம்பும் துணைக்காலுமாகப் பிரிந்துவிடும். இப்போது "துணைக்கால், புள்ளி" என்று அடுத்தடுத்து வருகிற இடத்தையெல்லாம் "ர, புள்ளி" என்று மாற்று. பிறகு என்எஃப்சி செய்து ஒன்றுசேர். மூன்றே வரி. இதில் இன்னொரு லாபமும் உண்டு: எஸ்டேட் பையன் பிற்பாடு வேறொரு விசைப்பலகையில் அடித்துச் சேர்த்த பத்திகளில் ஒகர ஓகாரக் குறிகள் இரண்டு துண்டாக இருந்தன, அவையும் அதே ஓட்டத்தில் சேர்ந்துகொண்டன.

மூன்றாவது ஔகாரம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ள என்ற எழுத்தும் ஒரே விசை. அதனால் "சௌகரியம்" எல்லாம் "செளகரியம்" என்று, நடுவில் ள உட்கார்ந்து வந்தது. இதற்குப் பொது விதி போட முடியாது, உண்மையான ளகரம் வருகிற சொற்களும் இருக்கின்றனவே. பட்டியல் எடுத்துக் கண்ணால் பார்த்து மாற்றினேன். தங்கும் அறைப் பக்கத்தில் அவ்வளவு சௌகரியம் இருந்தது.

மாற்றியதையெல்லாம் சர்வரில் ஏற்றிப் பார்த்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளாக வரிசை கட்டி நிற்கின்றன. கோப்பு யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை), அதைப் பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா கேரக்டர்செட் வரியும் ஹெட்டில் (பக்கத்தின், திரையில் தெரியாத தலைப்பகுதி) முதல் வரியாகவே இருக்கிறது, இருக்க வேண்டியதும் அங்கேதான், முதல் 1024 பைட்டுக்குள். ஆனால் அந்தப் பழைய சர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்புகிற ஹெச்டிடிபி தலைப்பில் வேறொரு மேற்கத்திய எழுத்துக் குறியீட்டை அறிவித்துக்கொண்டிருந்தது. சர்வர் ஒன்று சொல்லி, பக்கம் வேறொன்று சொன்னால் சர்வர் சொல்வதே எடுபடும். சர்வருக்கு அமைப்பைச் சொல்லும் ஹெச்டிஆக்சஸ் கோப்பில் இயல்புக் குறியீடு யூடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டதும் சரியானது.

சரி, எழுத்து வந்தாயிற்று. அடுத்து எலும்புக்கூடு.

முகப்புப் பக்கம் டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள். இடது பத்தியில் மெனு, மேலே ஓடுகிற எழுத்து, மழைத்துளி விழுகிற மாதிரி ஒரு ஜாவாஸ்கிரிப்ட், இதெல்லாம் முடிந்து எஸ்டேட்டைப் பற்றி முதல் வாக்கியம் தொடங்க எழுநூறு வரிக்கு மேல் கீழே இறங்க வேண்டும். முன்பு வேலை பார்த்த நிறுவனம் கொடுத்த அறிக்கையில் "நிரலுக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள விகிதம் மோசம்" என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். அப்படி ஓர் அளவுகோல் தங்களிடம் இல்லை என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள், அதனால் அந்த விகிதத்துக்காக நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் பிரித்தேன், காரணம் வேறு: இப்படிக் குழம்பிக் கிடக்கிற கோப்பில் எது தலைப்பு, எது மெனு, எது உள்ளடக்கம் என்று மனிதனுக்கே தெரியாது, நாளைக்கு அறை வாடகையை மாற்ற வருகிறவன் ஒரு டேக்கை மூடாமல் விட்டால் பாதிப் பக்கம் போய்விடும்.

டேபிள்களைத் தூக்கிவிட்டு ஹெட்டர், நேவ், மெயின், ஃபுட்டர் என்று நாலு பகுதி. ஸ்டைல் எல்லாம் ஒரே சிஎஸ்எஸ் கோப்புக்கு. மழைத்துளிக்கு விடைகொடுத்தாயிற்று (அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்). தலைப்புகள் முன்பு ஃபாண்ட் சைஸ் ஆறு, போல்டு என்று இருந்தன. பார்க்கத் தலைப்பு, நிரலில் வெறும் தடித்த எழுத்து. இப்போது பக்கத்துக்கு ஒரு ஹெச்1 (முதன்மைத் தலைப்பு டேக்), அதற்குக் கீழே பொருளுக்கேற்ப ஹெச்2 துணைத் தலைப்புகள். ஒன்றுக்கு மேற்பட்ட ஹெச்1 இருந்தால் கூகுள் தண்டிக்கும் என்பதெல்லாம் வதந்தி, ஆனால் ஒன்று வைத்துக்கொள்வது எழுதுகிறவனுக்கு நல்லது, பக்கம் எதைப் பற்றி என்று முடிவு பண்ண வைக்கும். அப்படித்தான் "எங்கள் விளைபொருட்கள்" என்று ஒரே பக்கத்தில் அடைத்திருந்த காபியும் மிளகும் தனித்தனிப் பக்கங்கள் ஆயின.

மெனு படங்களால் ஆனது, ஒவ்வொரு படத்திலும் ஆன்கிளிக் வைத்து ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பக்கம் தாவுகிற ஏற்பாடு. பாட் படத்தைக் கிளிக் பண்ணிப் பார்க்காது. அது பின்தொடர்வது ஹெச்ரெஃப் உள்ள ஏ டேக்கை, அதாவது சாதாரண லிங்கை மட்டும். ஆக, உள்பக்கங்களுக்குப் போக வழியே இல்லாமல் இருந்திருக்கிறது. சாதாரணப் பட்டியலாக யூஎல், எல்ஐ, உள்ளே ஏ டேக். முடிந்தது.

டைட்டில் எல்லாப் பக்கத்திலும் "வெல்கம்" என்று இருந்தது. இப்போது காபிப் பக்கத்துக்கு "சேர்வராயன் மலைக் காபிக்கொட்டை, பொடி" என்று தொடங்கி எஸ்டேட் பெயரில் முடிகிறது. மெட்டா டிஸ்கிரிப்ஷன் பக்கத்துக்கொன்று, இரண்டு வாக்கியம்; அதைக் கூகுள் காட்டினால் காட்டும், இல்லையென்றால் தானே பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், அதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

வாடகைப் பட்டியல் ஒரு ஜேபெக் படம். மே மாதம் கோடை விழா வந்தால் வாடகை மாறும், மாறும்போதெல்லாம் டிடிபி கடைக்குப் போய்ப் புதுப் படம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே எத்தனை பேர் தங்கலாம், காலை உணவு உண்டா, ஏரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று தேடுகிறவனுக்குத் தேவையான அத்தனையும் அந்தப் படத்துக்குள் புதைந்து கிடந்தது. அதை உண்மையான டேபிளாக, டிஹெச் டேக் போட்ட தலைப்பு வரிசையோடு எழுதினேன். டேபிளைத் தூக்கினேன் என்றேனே, அது வடிவமைப்புக்கு வைத்த டேபிளை. பட்டியலுக்கு டேபிள்தான் சரி. போட்டோக்கள் கேமராவிலிருந்து இறங்கிய அளவிலேயே இருந்தன. சிறிதாக்கி வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றி, அகலம் உயரம் இரண்டும் டேக்கிலேயே குறிப்பிட்டேன், பக்கம் திறக்கும்போது எழுத்து துள்ளாமல் இருக்கும். முதல் படத்துக்கு மட்டும் லேசி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போதுதான் படத்தை இறக்குவது) போடவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவன் வழியில் சிக்னல் கிடைக்கிற இடத்தில்தான் அறை தேடுவான், அவனுக்குப் பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும்.

அந்த நிறுவனம் செய்துவைத்தவற்றை அகற்றுவதே தனி வேலை. மெட்டா கீவேர்டில் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு உட்பட தென்னிந்திய மலை எல்லாம் இருந்தன. வலைத் தேடலில் அந்த டேக்கைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. ஃபுட்டருக்குக் கீழே வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு பத்தி. மறைத்த எழுத்து கூகுளின் ஸ்பேம் கொள்கைக்கு நேர் எதிரானது, முதல் நாளே எடுத்தேன். தொழிலின் விவரங்களைத் தேடுபொறிக்குச் சொல்கிற ஸ்கீமா நிரலில் எஸ்டேட்டுக்குத் தாங்களாகவே ஐந்துக்கு 4.9 நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். தன் சொந்த சைட்டில் தனக்கே போட்டுக்கொள்ளும் உள்ளூர்த் தொழில் நட்சத்திரங்களைக் கூகுள் 2019லிருந்து காட்டுவதே இல்லை, அதோடு அது பொய்யும்கூட. லாட்ஜிங் பிசினஸ் வகையில் பெயர், முகவரி, போன், அறை வசதி என்று உண்மையானதை மட்டும் ஜேசன்-எல்டி என்ற வடிவத்தில் எழுதினேன். அதில் தமிழ் எழுத்தை அப்படியே போடலாம், ஒரு சிக்கலும் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று இடித்தது. தமிழ்ப் பக்கத்துக்கும் ஆங்கிலப் பக்கத்துக்கும் இடையே ஹெச்ரெஃப்லாங் (இதே பக்கம் வேறு மொழியில் எங்கே என்று சொல்வது) இரண்டு பக்கமும் போட்டிருந்தேன், கேனானிகலும் (இந்தப் பக்கத்தின் அசல் முகவரி எது என்று சொல்வது) போட்டிருந்தேன். கூகுள் தன் பக்கத்தை எப்படிப் பார்க்கிறது என்று சைட்காரருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனைத் திறந்தால் "பயனர் அறிவித்த கேனானிகல்: எதுவும் இல்லை" என்கிறது. சோர்ஸைப் பார்த்தால் ஹெட்டுக்குள் அழகாக உட்கார்ந்திருக்கிறது. குரோமில் இன்ஸ்பெக்ட் போட்டு எலிமென்ட்ஸ் தாவலைப் பார்த்ததும்தான் விளங்கியது: அங்கே கேனானிகல் பாடிக்குள், அதாவது திரையில் தெரியும் பகுதிக்குள் இருக்கிறது! எஸ்டேட் பையன் இடையில் வாட்ஸ்அப் பொத்தான் வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு நிரலை எடுத்து, டைட்டிலுக்கு அடுத்த வரியில் ஒட்டியிருக்கிறான். அது டிவ் டேக்கில் தொடங்குகிறது. ஹெட்டுக்குள் டிவ் வரக் கூடாது. வந்தால், ஹெட் இங்கேயே முடிந்துவிட்டது என்று பார்சர் முடிவுகட்டி, அதற்குப் பின்னால் வருகிற எல்லாவற்றையும் பாடிக்குத் தள்ளிவிடும். பாடியில் கிடக்கிற கேனானிகலைக் கூகுள் மதிக்காது. ஐஃப்ரேம், படம் எதை ஹெட்டில் வைத்தாலும் இதே கதிதான். அந்தப் பொத்தானை பாடியின் கடைசிக்கு இறக்கினேன், அடுத்த முறை பாட் வந்துபோனதும் கேனானிகல் சரியாகத் தெரிந்தது. சோர்ஸில் இருப்பதும் எலிமென்ட்ஸில் இருப்பதும் ஒன்றல்ல, பிரச்சினை என்று வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

முகவரிகளைத் தமிழிலேயே வைக்கலாமா என்று அண்ணன் ஆசைப்பட்டார். வைக்கலாம், கூகுளுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8ல் மூன்று பைட், நகலெடுத்து ஒட்டும்போது ஒரு குறியீடு ஒன்பது எழுத்தாக விரியும். சேலம் என்ற ஐந்து குறியீடு மட்டுமே 45 எழுத்து. அறைக்குப் பணம் அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏதோ மோசடி லிங்க் மாதிரி இருக்கும். அதனால் ஆங்கில எழுத்திலேயே சின்னதாக வைத்து, பழைய பக்க முகவரிகளிலிருந்து 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற அறிவிப்பு) போட்டுத் திருப்பிவிட்டேன். பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பில் டிஏ (தமிழ்) என்று போட்டது கூகுளுக்காக அல்ல, அது எழுத்தைப் பார்த்தே மொழியைத் தெரிந்துகொள்ளும். திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிறவர்களுக்காக. பக்கங்களின் பட்டியலாக சைட்மேப் ஒன்று, பாட் எங்கே போகலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு ஒன்று, சில வரிதான்.

இப்போது "சேர்வராயன் மலைக் காபி" என்று முழுதாக அடித்தால் சைட் வருகிறது. வெறும் "ஏற்காடு" என்று போட்டால் வராது, பெரிய சுற்றுலா சைட்டுகள் இருக்கிற இடத்தில் நாலு அறை எஸ்டேட் முன்னால் வரும் என்று நான் யாருக்கும் உத்தரவாதம் கொடுக்கப்போவதில்லை, அண்ணனிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். தமிழில் மிளகு பற்றிக் கேட்டு மதுரையிலிருந்து ஒருவர் போன் செய்தாராம், அதில் அவருக்குத் திருப்தி.

பாக்கி ஒன்று இருக்கிறது. எஸ்டேட்டின் பழைய பிரசுரம் பிடிஎஃப்பாக இன்னும் சர்வரில் கிடக்கிறது, அதிலும் இதே பாமினிதான், எழுத்தை நகலெடுத்தால் அதே என், ஆர், ஒய், கே. பிடிஎஃப்பிலிருந்து பிடுங்கினால் வரி உடைந்து ஒன்றுக்கும் உதவாமல் வருகிறது. செவ்வாய்ப்பேட்டையில் அதை அச்சடித்த அச்சகத்தில் பேஜ்மேக்கரில் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) செய்த மூலக் கோப்பு இருக்கிறதா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். கிடைத்தால் அதே ஸ்கிரிப்டில் ஓட்டிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் உட்கார்ந்து அடிக்க வேண்டியதுதான்.